புண் ஆறுவதில் புரதங்களின் பங்கு

திருப்பதியில் அலிபிரியிலிருந்து திருமலைக்குச் செல்லும் நடைபாதையில் 3,550 படிகள் உள்ளன. வெறுங்காலுடன் ஏறுவோருள் நீரிழிவு நோயாளிகளும் உளர். ஒரே அளவான கீறல் நலமுள்ளவர் பாதத்தில் இரண்டொரு வாரத்தில் ஆறிவிடுகிறது. நோயாளியின் பாதத்திலோ மாதக்கணக்கில் ஆறாமல் நின்று, சில வேளைகளில் காலையே துண்டிக்கும் நிலைக்குக் கொண்டு செல்கிறது. இவ்வேறுபாட்டை விளக்க, தோலில் உயிரணுக்களுக்கு வெளியே அமைந்துள்ள புரதப் பின்னலை அறிதல் வேண்டும்.

இப்பின்னலின் முதன்மையான புரதம் கொல்லாஜன். தோலுக்கு உறுதி தருவது இதுவே. தோல் பதனிடும் தொழிலின் மூலப்பொருளும் இதுவே. மூன்று இழைகள் முறுக்கிய கயிறு போன்ற இதன் அமைப்பை 1954-55ஆம் ஆண்டுகளில் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் விளக்கினர்.

காயம் பட்டவுடன் உறையும் இரத்தத்தில் ஃபைப்ரின் என்னும் புரதம் வலைபோல் படர்கிறது. ஃபைப்ரோனெக்டின் என்னும் மற்றொரு புரதம் அவ்வலையில் ஒட்டிக்கொண்டு, உயிரணுக்கள் பற்றி நகர்வதற்குப் பிடிமானமாகிறது. கட்டடத்திற்குச் சாரம் கட்டுவதைப் போன்றது இது. பின்னர் நார்த்திசு உயிரணுக்கள் முதலில் மெல்லிய கொல்லாஜனையும், நாளடைவில் அதற்கு மாற்றாக வலிய கொல்லாஜனையும் இடுகின்றன. பல மாதங்கள் சென்ற பின்னும் தழும்பு பழைய தோலின் வலிமையில் ஏறத்தாழ 80 விழுக்காட்டிற்கு மேல் எய்துவதில்லை.

நீரிழிவில் இச்சாரமே நிலைப்பதில்லை. புரதங்களைச் சிதைக்கும் நொதிகள் புண்ணில் அளவுக்கு மீறிப் பெருகிப் புதிய பின்னலை அரித்து விடுகின்றன. மிகுந்த சர்க்கரை கொல்லாஜனோடு பிணைந்து அதனை விறைப்பாக்குகிறது. இரத்த ஓட்டமும் குறைகிறது. இவற்றிலும் கொடியது நரம்புணர்வு மங்குதல்: வலி தெரியாமையால் நோயாளி புண்ணின் மீதே நடந்து, உடல் பின்னியதை அடிதோறும் கிழிக்கிறார்.

சித்தூருக்கு அண்மையிலுள்ள வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு 1946இல் வந்த பால் பிராண்டு, தொழுநோயாளரின் பாதப்புண்களில் இவ்வுண்மையையே கண்டார். நோயுற்ற தசை ஆறாது என்று கருதப்பட்ட காலம் அது. அப்புண்களுக்கு உணர்விழப்பே காரணம் என்றும், மாவுக்கட்டிட்டு அழுத்தத்தைத் தவிர்த்தால் அவை ஆறும் என்றும் அவர் காட்டினார்.

இன்று கொல்லாஜன் தகடுகள் புண்கட்டாகக் கிடைக்கின்றன. அவை பயனுடையனவே, ஆயினும் பாதத்தின் மீதுள்ள பாரத்தை இறக்காமல் அவற்றை வாங்குவது வீண் செலவு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவின் ஆய்வு 2023இல் நாட்டில் நீரிழிவாளர் சுமார் 10.1 கோடி என மதிப்பிட்டது. பாதத்தில் உணர்வு உண்டா எனச் சோதிக்கப் பத்து கிராம் விசையில் வளையும் ஒரு நைலான் இழையே போதும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் சில நிமிடங்களில் முடியும் வேலை இது. உணர்விழந்தோர் படியேறாமல் மலைப்பாதைப் பேருந்தில் செல்வதே தகும். வேண்டுதலின் பொருட்டு ஏறியே தீர்பவர், அன்றிரவே உள்ளங்காலைக் கண்ணாடியில் பார்த்து, சிறு கீறல் இருப்பினும் மறுநாளே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.