கதிர்வழிச் செய்தியும் மறு அனுப்பலும்

ஊருக்கு எழுதும் கடிதங்களுக்கு வரிசையாக எண் இட்டால், வழியில் தவறியது எதுவென்று வீட்டார் அறிந்து, அதை மீண்டும் கேட்கலாம். அறைக்குள் அகச்சிவப்புக் கதிரால் செய்தி அனுப்பும் கருவிகளும் இவ்வாறே செய்கின்றன. அவை செய்தியைச் சிறு பொதிகளாக்கி எண்ணிடுகின்றன. குறுக்கே ஒரு கை நீண்டாலும், விளக்கொளி மிகுந்தாலும் பொதி சிதையக்கூடும்.

ஒவ்வொரு பொதிக்கும் விடை பெற்றபின் அடுத்ததை அனுப்புவது எளிய முறை. விநாடிக்கு 9600 பிட் வேகத்தில் 2048 பைட் பொதி செல்ல ஏறத்தாழ 1.7 விநாடி ஆகும். விடைக்காகச் சில மில்லிவிநாடி காத்திருப்பது பொருட்டன்று. வேகம் விநாடிக்கு 1 கோடியே 60 லட்சம் பிட் ஆனால், அதே பொதி ஒரு மில்லிவிநாடியில் சென்றுவிடும். காத்திருக்கும் நேரமோ அவ்வளவு குறைவதில்லை. தன் ஒளி தன் கண்ணையே கூசச்செய்வதால், கருவி பேசும்போது கேட்க இயலாது. எனவே, 1993இல் தோன்றிய இர்டா அமைப்பின் விதிகள், இவ்வேகத்தில் 127 பொதிகள் வரை ஒருசேர அனுப்ப இடமளித்தன.

இவற்றுள் மூன்றாவது சிதைந்தால் என் செய்வது? அதிலிருந்து யாவற்றையும் திரும்ப அனுப்பினால் 125 பொதிகள் மீண்டும் செல்லவேண்டும். சிதைந்ததை மட்டும் அனுப்பினால் ஒன்றே போதும். ஆனால், பின்வந்த 124 பொதிகளையும் காத்துவைக்கப் பெறும் கருவியில் நினைவிடம் வேண்டும்.

பிழை அரிதாயின் முன்னது போதும். மிகுந்தால் பின்னதே நலம். வேகம் கூடக்கூட, தவறியதைத் திருத்தும் முறையே பயனை நிர்ணயிக்கிறது என்பதை நாம் உணர்தல் வேண்டும்.