பாய் விரிக்கப் பொருள் வேண்டும்

பாய்மரப் படகோட்டத்தில் ஒலிம்பிக்கிற்குத் தகுதிபெற்ற முதல் இந்திய மங்கை, சென்னை நேத்ரா குமணன். 2021இல் தோக்கியோவிலும், 2024இல் பாரிசு ஒலிம்பிக்கிலும் அவர் பந்தயமிட்டார். காற்றை வசமாக்கியது அவர்தம் திறமை. படகுக்கும் பயிற்சிக்கும் அயல்நாட்டுப் பயணத்திற்கும் பொருள் வேண்டுமன்றோ? அரசும் அவருக்குக் கைகொடுத்தது.

தருமபுரத்தில் தமிழ் கற்பிக்கும் யான் இதனை எழுதக் காரணம் உண்டு. வல்வெட்டித்துறையிற் கட்டிய ‘அன்னபூரணி’ என்னும் பாய்க்கப்பல், 1938இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறையை அடைந்தது. கட்டியவரும் மாலுமிகளாய்ச் சென்றவரும் நம்மவர். விலைகொடுத்து வாங்கியவரோ அமெரிக்கர்.

முல்லைத்தீவுக் கரையிலும் காற்றின் குறிப்பறிந்து வளரும் பிள்ளைகள் உளர். அவர்களுள் ஒருவர் பந்தயக் கடலை நாடுங்கால், அச்சுமையைப் பெற்றோர் மட்டும் தாங்குதல் முறையன்று. கோயிலும் சனசமூக நிலையமும் பழைய மாணவர் சங்கமும் தத்தம் பங்கினை இடுக. ஊர் கூடினாலன்றோ தேர் நகரும்!