குப்பை மேடும் குடிநீரும்

திருக்குறளில் கடவுள் வாழ்த்தை அடுத்து வான்சிறப்பு என்னும் அதிகாரம் அமைந்துள்ளது. நீரை நம் முன்னோர் எத்துணை உயர்வாகப் போற்றினர் என்பதற்கு இதுவே சான்று. அத்தகைய நீருக்கு நாம் அன்றாடம் எறியும் குப்பையாலேயே கேடு விளையக்கூடும். அஃது எவ்வாறு என்பதை ஈண்டுக் காண்போம்.

குப்பை மேட்டின் மீது மழை பெய்கிறது. அந்நீர் அழுகிய உணவு, பழைய மின்கலம், சாயத் தகரம் ஆகியவற்றின் ஊடே இறங்குகிறது. வடிகட்டியில் இட்ட தேயிலையின் மீது ஊற்றும் வெந்நீர் சாயத்தை இறக்குவது போல, மழைநீரும் குப்பையின் நஞ்சைக் கரைத்துக்கொண்டு கருநிறமாய்க் கசிகிறது. இக்கசிவுநீர் ஓடையில் கலப்பின், அதிலுள்ள அழுகற்பொருளை உண்ணும் நுண்ணுயிர்கள் நீரின் உயிர்க்காற்றைத் தீர்த்துவிடும், மீன்கள் மடியும். நிலத்தடியில் இறங்கினால் கிணற்று நீரும் கெடும்.

இதனைத் தடுக்கும் வழிகள் உள. முதலில் களிமண்ணும் நீர்புகாத் தடித்த நெகிழி விரிப்பும் கொண்டு தளம் அமைத்தல் வேண்டும். அதன்மேல் குழாய்கள் பதித்துக் கசிவுநீரைக் குளத்தில் சேர்த்துச் சுத்திகரித்தல் வேண்டும். கொட்டிய குப்பையை அன்றன்றே மண்ணால் மூடுதல் வேண்டும். சுற்றிலும் சோதனைக் கிணறுகள் தோண்டி நீரை ஆராய்தல் வேண்டும். குப்பைத் தளத்தை விரிவாக்கும்போது இவை யாவும் முன்னரே முடிந்திருத்தல் இன்றியமையாதது. ஏனெனில், கொட்டிய குப்பைக்கு அடியில் பின்னர் விரிப்பை விரிக்க எவராலும் இயலாது.

நம் மலேசியாவில் 1974ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் கீழ், 2009இல் குப்பைத் தளங்களுக்கெனத் தனி விதிகள் இயற்றப்பட்டன. அவற்றின்படி, வெளியேற்றப்படும் கசிவுநீரில் லிட்டருக்கு அம்மோனியா நைட்ரஜன் 5 மில்லிகிராமையும், ஈயம் 0.10 மில்லிகிராமையும், பாதரசம் 0.005 மில்லிகிராமையும் தாண்டலாகாது.

அண்டை நாடாகிய சிங்கப்பூரின் செமாக்காவ் குப்பைத் தளம் நமக்கு நல்லதோர் எடுத்துக்காட்டு. 1999இல் திறக்கப்பெற்ற இத்தளம், ஏறத்தாழ 7 கிலோமீட்டர் நீளமுள்ள கற்கரையால் கடலைத் தடுத்து அமைக்கப்பட்டது. கரையினுள் நீர்புகா விரிப்பும் கடற்களிமண்ணும் இடப்பட்டுள்ளன. அங்குப் பெரும்பாலும் குப்பையை எரித்த சாம்பலே கொட்டப்படுகிறது. கட்டுமானத்தால் அழிந்த சதுப்புநிலக் காட்டுக்கு ஈடாக அருகில் கன்றுகள் நடப்பட்டன. நீர் மாசடைந்தால் அம்மரங்களின் வாட்டமே அதனைக் காட்டிக் கொடுக்கும். 2015இல் இரண்டாம் கட்ட விரிவாக்கம் திறக்கப்பெற்றது. அதற்கு முன்பே ஆங்கிருந்த பவளங்கள் வேறிடத்திற்குப் பெயர்க்கப்பட்டன.

நம் தோட்டப்புறங்களின் நிலை யாது? லயங்களுக்குப் பின்னே வெட்டிய பள்ளமே பல இடங்களில் குப்பைத் தளம். அதற்கு விரிப்பும் இல்லை, குழாயும் இல்லை. ஒரு பள்ளம் நிரம்பினால் அதனருகே இன்னொன்று வெட்டுகிறோம். இதுவும் விரிவாக்கமே அன்றோ! மேட்டில் பள்ளம், தாழ்வில் ஓடை, அவ்வோடையில் நீந்தி விளையாடும் நம் பிள்ளைகள். இதனை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

ஆகவே, பெற்றோர்களே, ஓடைக்கும் கிணற்றுக்கும் மேட்டுப்புறத்தில் குப்பைப் பள்ளம் வெட்டுவதைத் தவிர்ப்போம். அத்தகைய பள்ளம் இருப்பின், தோட்ட நிருவாகத்திடம் ஒன்றுகூடி எடுத்துரைத்து மாற்றிடம் கேட்போம். மின்கலத்தையும் பூச்சிமருந்துக் கலன்களையும் பள்ளத்தில் எறியாமல் தனியே சேர்த்து ஒப்படைப்போம். காய்கறிக் கழிவை வாழைக்கும் முருங்கைக்கும் எருவாக்குவோம். மாணவச் செல்வங்களே, தாளையும் தகரத்தையும் பிரித்து வைக்கும் பணி உங்களுடையது. பள்ளத்திற்குச் செல்லும் குப்பை குறையக் குறைய, ஓடைக்கு வரும் நஞ்சும் குறையும். நம் ஓடையைக் காக்கும் கடமை நம்முடையதே.