ஆணிகளுக்கு நடுவே மாப்பிள்ளை மோதிரம்!

மாமனார் போட்ட மோதிரத்தைத் தொலைத்தவனின் மனநிலை உங்களில் யாருக்காவது தெரியுமா? தெரியாது என்றால் நீங்கள் பாக்கியசாலி. தெரியும் என்றால் வாருங்கள், கை கொடுங்கள்!

2019-ல் ஆபீஸ் என்னை ஒரு வருஷ வேலையாக இங்கிலாந்துக்கு அனுப்பியது. லண்டன் என்று நினைத்துவிடாதீர்கள். கிழக்குப் பக்கம் சஃபோக் என்று ஒரு கவுண்டி. நம் ஊர் ஜில்லா மாதிரி. வாடகைக்குப் பழைய வீடு, பின்னால் தோட்டம், தோட்டத்தில் ஆப்பிள் மரம். எனக்குக் கல்யாணமாகி அப்போது எட்டு மாசம்.

அக்டோபர் 20, ஞாயிற்றுக்கிழமை. மரம் கொட்டிய இலைகளை வாரிக் குவித்தேன். நல்ல குளிர். குளிரில் விரல் சுருங்கும், மோதிரம் நழுவும் என்று கல்யாணத்தின்போது எந்தப் புரோகிதரும் சொல்வதில்லை. சாயந்திரம் காபியை நீட்டியவள் என் கையையே பார்த்தாள்.

"என்னங்க... மோதிரம் எங்கே?"

ஒரு பவுன். இருபத்திரண்டு காரட். அதுகூடப் பெரிசில்லை சார். நவம்பர் 2-ம் தேதி மாமனாரும் மாமியாரும் ஹீத்ரோவில் வந்து இறங்குகிறார்கள்! விசா வந்தாச்சு, டிக்கெட் போட்டாச்சு, மாமியார் பருப்புப் பொடி இடித்தாச்சு.

வேலியை ஒட்டிப் பக்கத்து வீட்டில் ஒரு பெரியவர். எலக்ட்ரீஷியனாக இருந்து ரிட்டயர் ஆனவர். வாரம் தவறாமல், அனுமதி வாங்கிய வயல்களில் மெட்டல் டிடெக்டரோடு திரிவது அவர் பொழுதுபோக்கு. விஷயத்தைச் சொன்னதும் கருவியைத் தூக்கிக் கையில் கொடுத்துவிட்டார். "முதலில் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள் தம்பி" என்றார். (அவர் சொன்னது ஆங்கிலத்தில். எனக்குத் தம்பி என்றுதான் கேட்டது!) போனில் கேட்டேன். தோண்டின குழியை மூடிவிட்டால் சரி என்றார் வீட்டுக்காரர்.

அந்த சனிக்கிழமை ஆரம்பித்தேன். புல்லின் மேல் காயிலை ஒரு வீசு வீசியதும் 'கிர்ர்'. தோண்டினால் ஆணி. இன்னொரு 'கிர்ர்'. இன்னொரு ஆணி. எந்தக் காலத்திலோ அங்கே ஒரு மரக் கொட்டகை இருந்து, இடித்துப் போட்டிருக்கிறார்கள். பலகையை அள்ளிக்கொண்டு போனவர்கள் ஆணியை மட்டும் எனக்காக விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். அன்று மட்டும் இருபத்து மூன்று ஆணி, ஒரு கீல், நசுங்கிய தகர டப்பா. பழைய இரும்புக் கடை வைத்திருந்தால் போட்ட முதல் தேறியிருக்கும்.

கருவியில் 'டிஸ்கிரிமினேஷன்' என்று ஒரு செட்டிங் இருந்தது. தமிழில் பாகுபாடு! உலோகத்துக்கு உலோகம் ஒரு எண் காட்டும், நமக்கு வேண்டாத எண்களை வாய் திறக்காமல் செய்துவிடலாம். பெரியவரின் கருவியில் பூஜ்யம் முதல் 99 வரை. நாற்பதுக்குக் கீழே இரும்பு. நான் ஒரேயடியாக ஐம்பதில் வைத்தேன். ஆணியும் வேண்டாம், சாக்லேட் சுற்றிய காகிதமும் வேண்டாம்!

ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தோட்டத்தில் பரம நிசப்தம். ஓர் ஆணி கூடக் கத்தவில்லை. தியான மண்டபம் தோற்றது. ஆனால் மோதிரமும் கத்தவில்லை. "இலையோடு சேர்த்துக் குப்பையில் போட்டுட்டீங்க" என்று மனைவி கண் கலங்கினாள்.

வேலிக்கு அந்தப் பக்கமிருந்து பார்த்துக்கொண்டிருந்த பெரியவர் உள்ளே வந்தார். "உன் மனைவியிடம் அதே மாதிரி தங்க மோதிரம் இருக்கிறதா? கேட்டு வாங்கி வா" என்றார்.

"இதையும் தொலைச்சீங்கன்னா நான் அப்பாவோடவே ஊருக்குப் போயிடுவேன்" என்ற எச்சரிக்கையோடு மோதிரம் வந்தது.

அதைப் புல்லில் வைத்துக் காயிலை வீசினார். 'கிணிங்!' அழகான சத்தம். எழுபதுக்குப் பக்கத்தில் எண். பிறகு என் புதையலிலிருந்து ஓர் ஆணியை எடுத்து மோதிரத்தை ஒட்டி வைத்தார். மறுபடியும் வீசினார்.

நிசப்தம்.

கண்ணுக்கு எதிரே மினுமினுக்கிறது ஒரு பவுன் தங்கம். கருவி 'எனக்கென்ன' என்று இருக்கிறது! எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ஒரு நாள் முழுக்க இப்படித்தானே தேடியிருக்கிறேன்? என் மோதிரத்தின் மேலேயே எத்தனை தடவை போய் வந்தேனோ!

அன்று ராத்திரி டீயோடு பாடம் நடந்தது. காயிலில் ஓடும் மின்சாரம் விநாடிக்குப் பல ஆயிரம் தடவை திசை மாறுகிறது. அதனால் எழும் காந்தப் புலம் மண்ணில் இறங்கி, அங்கே இருக்கும் உலோகத்தில் சுழல் மின்னோட்டத்தைக் கிளப்புகிறது. அதிலிருந்து திரும்பி வரும் சிக்னல் எவ்வளவு தாமதமாக வருகிறது என்பதை வைத்துத்தான் எண். தடித்த வெள்ளி, தாமிரம் எல்லாம் மேல் எண். மெல்லிய அலுமினியத் தாள் கீழே. இரும்புக்குக் காந்த குணம் இருப்பதால் அதன் சிக்னல் தனி ரகம், எல்லாருக்கும் அடியில்.

தங்கம்? அதுதான் வம்பு. கனம், அளவு, காரட்டைப் பொறுத்து எங்கே வேண்டுமானாலும் உட்காரும். இங்கிலாந்தில் ஒன்பது காரட் மோதிரங்கள் சகஜம். அதில் மெல்லிசாக ஒன்று இருந்தால் அலுமினியத் தாள், டப்பா மூடியின் வளையம் இவற்றின் எண்ணிலேயே வந்து நிற்கும். வளையம் உடைந்திருந்தால் மின்னோட்டம் சுற்றி வர முடியாமல் எண் இன்னும் இறங்கும். குப்பையைக் கேட்க மாட்டேன் என்று ஐம்பதில் வைத்தால், அந்த மோதிரங்களுக்கும் சேர்த்துக் கும்பிடு போட்டதாக அர்த்தம்.

என் மோதிரம் கனமானதுதான். ஆனால் பக்கத்தில் ஆணி இருந்தால் இரண்டு சிக்னலும் கலந்து எண் சறுக்கிவிடும். அது போக, இரும்பை ஒதுக்கிய கருவி ஒரு கணம் காதைப் பொத்திக்கொள்கிறது. அந்தக் கணத்தில் தங்கம் கூப்பிட்டாலும் கேட்காது. எங்கள் மேனேஜர் மாதிரி! லீவு கேட்பவனைக் கண்டு கதவைச் சாத்துவார், அவன் பின்னாலேயே நல்ல சேதியோடு வந்தவனும் வெளியே நிற்பான்.

"இந்த வியாதி பழசு" என்று பெரியவர் ஒரு கதை சொன்னார். 1881 ஜூலை 2-ம் தேதி அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்டைச் சுட்டுவிட்டார்கள். உடம்புக்குள் குண்டு எங்கே என்று தெரியவில்லை. டெலிபோன் புகழ் அலெக்ஸாண்டர் கிரஹாம் பெல், உலோகத்தைக் கண்டுபிடிக்க ஒரு கருவி செய்து எடுத்துக்கொண்டு ஓடினார். ஜனாதிபதி படுத்திருந்த மெத்தையில் இரும்புக் கம்பிகள்! கருவி குழம்பியது. டாக்டரோ, குண்டு வலது பக்கம்தான் என்று அங்கேயே தேட வைத்தார். குண்டு இருந்தது இடது பக்கம். செப்டம்பர் 19-ல் கார்ஃபீல்டு இறந்துபோனார்.

எனக்குத் தொண்டையை அடைத்தது. என் கஷ்டம் வெறும் ஒரு பவுன்தானே!

நவம்பர் 1, வெள்ளிக்கிழமை. ஆபீசுக்கு லீவு போட்டேன். (காரணம்: 'குடும்ப விஷயம்'. பொய்யில்லையே?) பெரியவரும் வந்தார். செட்டிங்கை ஒவ்வொன்றாக மாற்றினோம்.

முதலில் காயிலை மண்ணுக்கு மேல் ஏற்றி இறக்கி கிரவுண்டு பேலன்ஸ். மண்ணிலேயே இருக்கும் இரும்புச் சத்துக்குக் கருவி ஏமாறாமல் இருக்க இது. அடுத்து, சென்சிட்டிவிட்டியைக் குறைத்தார். "உன் மோதிரம் விழுந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. மேலேதான் கிடக்கும். அடி ஆழத்து ஆணியை எல்லாம் எதற்கு எழுப்ப வேண்டும்?" நியாயம்தானே!

பிறகு டிஸ்கிரிமினேஷனை அடியோடு இறக்கினார். "அய்யோ, மறுபடியும் ஆணிக் கச்சேரியா?" என்றேன். இல்லை. இரும்புக்குத் தணிந்த உறுமல், மற்ற உலோகத்துக்கு உயர்ந்த மணிச் சத்தம் என்று தனித்தனியாக வைத்தார். இரும்பின் சத்தத்தைக் குறைத்தார், அடைக்கவில்லை. "உறுமலைத் தோண்டாதே. ஆனால் காதில் விழட்டும். உறுமலுக்கு நடுவில் ஒரு மணி கேட்டால் நில்!"

கடைசியாக 'ரெக்கவரி ஸ்பீடு'. ஒரு சிக்னலை முடித்து அடுத்ததற்கு எவ்வளவு சீக்கிரம் தயாராகிறது என்பது. அதை ஏற்றினால் ஆழம் கொஞ்சம் குறையும், ஆனால் நெருக்கமாகக் கிடக்கும் இரண்டு பொருள் தனித்தனியாகக் கேட்கும். பெரிய காயிலைக் கழற்றிச் சின்னதைப் பூட்டினார். தட்டு சின்னது என்றால் ஒரே சமயத்தில் அடியில் அகப்படும் ஆணியும் குறைவு.

அரை மணியில் கணீரென்று 92! குதித்தேன். பெரியவர் அசையவில்லை. "தொண்ணூறு கிளிகளின் பொய்" என்று சிரித்தார். பட்டையான பெரிய இரும்பு சில சமயம் வெள்ளி வேஷம் போடுமாம். தொண்ணூறு டிகிரி திரும்பிக் குறுக்கே வீசச் சொன்னார். சத்தம் உடைந்து உறுமியது. எண் தாவியது. நல்ல பொருள் எந்தப் பக்கம் வீசினாலும் பெரும்பாலும் ஒரே குரலில் பேசும். நான் கேட்கவில்லை, தோண்டினேன். உள்ளங்கை அகலத்தில் துருப்பிடித்த தகடு. பெரியவர் ஒன்றும் சொல்லாமல் எனக்கு பிஸ்கட் கொடுத்தார்.

மூன்றரை மணி. வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. ஆப்பிள் மரத்திலிருந்து நாலடியில் உர்... உர்... 'கிண்' ... உர். நின்றேன். மறுபடியும் வீசினேன். உர்... 'கிண்'. குறுக்கே வீசினால் மணி சற்றுத் தேய்ந்தது, ஆனாலும் அதே இடத்தில் நின்றது. எண் நாற்பத்தைந்துக்கும் அறுபதுக்கும் இடையே ஊசலாட்டம். என் ஐம்பது செட்டிங்கில் பாதி நேரம் ஊமையாகத்தான் இருந்திருக்கும்!

மண்டியிட்டேன். புல்லை விலக்கினேன். பூட்ஸ் கால் மிதித்து அழுத்திய ஈர மண். ஒரு விரல் ஆழத்தில் வளைந்த ஆணி. அதை ஒட்டி, சேறு பூசிக்கொண்டு, மாமனாரின் ஒரு பவுன்!

மனைவி சமையலறை ஜன்னலிலிருந்தே அழுதாள். பெரியவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தபடி, அவர்கள் கவுண்டியின் பிரசித்தமான கதையைச் சொன்னார். 1992 நவம்பர் 16-ம் தேதி ஹாக்ஸ்னி கிராமத்தில் ஒரு விவசாயியின் சுத்தியல் தொலைந்துபோய், அவர் நண்பர் எரிக் லாஸ் டிடெக்டரோடு தேடப் போனார். கிடைத்தது ரோமானியப் புதையல். கிட்டத்தட்ட 15,000 நாணயங்கள், தங்க நகைகள், வெள்ளிச் சாமான்கள்! ஆசைப்பட்டு எல்லாவற்றையும் கிளறாமல் அவர் அதிகாரிகளுக்குத் தகவல் சொன்னார். ஆராய்ச்சியாளர்கள் முறையாகத் தோண்டினார்கள். 17.5 லட்சம் பவுண்டு பரிசு. சுத்தியலும் கிடைத்தது. அதுவும் இன்று பிரிட்டிஷ் மியூசியத்தின் சொத்து!

"கவனித்தாயா தம்பி? அவர் தேடிப் போனது இரும்பை" என்று கண்ணடித்தார்.

இதைப் படித்துவிட்டுக் கருவி வாங்கக் கிளம்பும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. இங்கிலாந்தில் நிலத்துக்காரர் அனுமதி கட்டாயம். 1996-ம் வருஷச் சட்டப்படி, புதையல் என்று தெரிந்தால் பதினான்கு நாளுக்குள் 'கரோனர்' என்ற அதிகாரியிடம் சொல்ல வேண்டும். நம் நாட்டில் 1878-ம் வருஷத்துப் புதையல் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் கலெக்டருக்குத் தெரிவித்தாக வேண்டும். பாதுகாக்கப்பட்ட புராதன இடங்களில் கை வைத்தால் கம்பி எண்ண வேண்டியதுதான். அங்கே செட்டிங் எதுவும் கிடையாது!

மறுநாள் மாமனார் வந்தார். சாப்பிட்டு முடித்துத் தோட்டத்தில் உலாவினோம். என் விரலையே பார்த்தார். மோதிர எழுத்தின் இடுக்கில் இன்னும் கொஞ்சம் செம்மண். எனக்கு வேர்த்தது. மறைக்க மனசு வரவில்லை. ஒன்று விடாமல் சொல்லிவிட்டேன்.

மாமனார் திரும்பி வீட்டுப் பக்கம் பார்த்தார். மாமியார் உள்ளேதான் இருக்கிறார் என்று உறுதி செய்துகொண்டு, தன் கையை நீட்டினார்.

"மாப்ளே, இது ரெண்டாவது மோதிரம். முதல் மோதிரம் கல்யாணமான மூணாம் மாசமே கிணத்துல போயிடுச்சு. முப்பத்தொரு வருஷமா இவளுக்குத் தெரியாது. நீங்களாவது ஆம்பளையா ஒத்துக்கிட்டீங்க."

அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்:

"அந்த மிஷின் தண்ணிக்குள்ள வேலை செய்யுமா?"