பனிக்குள் ஒரு பச்சைப் பாத்தி

வெளியே பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரி. ஆனாலும் லடாக்கில் ஜனவரி மாதம் கீரை பறிக்கிறார்கள். ஒரு மண் சுவரும் ஒரு பாலிதீன் தாளும் செய்யும் வேலை இது.

ஜனவரி மாதக் காலை. சிந்து நதிக் கரையோரம் லே நகரைச் சுற்றியுள்ள கிராமங்களில் வாய்க்கால்கள் கல்லாக உறைந்து கிடக்கின்றன. பாப்லர் மரங்களில் ஓர் இலைகூட இல்லை. மலை முகட்டைத் தாண்டி வெயில் வீட்டுச் சுவரில் ஏறிய பிறகுதான் ஊர் அசையத் தொடங்குகிறது. வீட்டுப் பெண்மணி வெளியே வந்து, முற்றத்தின் ஓரத்தில் உள்ள தாழ்வான மண் கட்டடத்தின் சிறிய கதவைத் திறந்து குனிந்து உள்ளே போகிறார். பாலிதீன் தாளுக்கு அடியில் இரவில் இழுத்துவிட்டிருந்த துணித் திரையை ஒதுக்குகிறார். உள்ளே பாலக் கீரை, கொத்துமல்லி, லெட்யூஸ் எல்லாம் பாத்தி பாத்தியாக நிற்கின்றன. செடியைப் பிடுங்காமல் வெளி இலைகளை மட்டும் கிள்ளிக்கொள்கிறார். அன்றைய துக்பாவுக்கு, அதாவது கோதுமை மாவுத் துண்டுகள் போட்ட சூப்புக்கு, அது போதும்.

சமவெளியில் இருப்பவர்களுக்கு ஒரு கைப்பிடிக் கீரை செய்தியே அல்ல. லடாக்கில் அது செய்திதான். கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் உள்ள லேயில் ஓர் ஆண்டில் மழையும் பனியும் சேர்த்து 100 மில்லிமீட்டர் அளவுக்குத்தான் பொழிகிறது. திறந்த வெளியில் பயிர் செய்ய முடிவது மே முதல் செப்டம்பர் வரையிலான ஐந்து மாதங்களில் மட்டுமே. பல தலைமுறைகளாக ஸ்ரீநகரிலிருந்து ஜோஜி லா கணவாய் வழியாக வரும் சாலையும், பின்னர் மணாலியிலிருந்து போடப்பட்ட சாலையும், குளிர்காலத்தில் பல மாதங்கள் மூடிக் கிடந்தன. அந்த நாட்களில் புதிய காய்கறி வேண்டுமென்றால் டில்லியிலிருந்தோ சண்டிகரிலிருந்தோ விமானத்தில் வர வேண்டும். விமானக் கட்டணம் ஏறிய தக்காளி எல்லோர் வீட்டுக்கும் வந்து சேராது.

எனவே பழைய லடாக் தன் குளிர்காலத்தைப் பூமிக்கு அடியில் சேமித்தது. அக்டோபரில் பறித்த உருளைக்கிழங்கு, கேரட், டர்னிப், முள்ளங்கி ஆகியவற்றை ‘சாடோங்’ என்ற குழியில் போட்டு வைக்கோலும் மண்ணும் போட்டு மூடிவிடுவார்கள். மேலே நிலம் உறைந்தாலும் ஆழத்தில் கிழங்குகள் உறைவதில்லை. கீரைகளைக் கோடையிலேயே கூரையில் உலர்த்தி மூட்டை கட்டுவார்கள். குளிர்காலம் முழுவதும் வறுத்த பார்லி மாவு, காய்ந்த இறைச்சி, குழிக் கிழங்கு, உலர்ந்த கீரைதான் உணவு. வயிறு நிறையும், புதிய பச்சை இலையின் முகம் பார்க்க வசந்தம் வர வேண்டும்.

இந்தக் காய்கறிகளில் பலவும் லடாக்குக்குப் புதியவை. 1885-இல் லேயில் நிலைகொண்ட மொரேவியன் கிறிஸ்தவ மிஷனரிகள் உருளைக்கிழங்கு உள்ளிட்ட காய்கறிகளைப் பரப்பினார்கள். லடாக்கியர் ‘மாங்கோல்’ என்று அழைக்கும் பீட்ரூட் இனக் கீரைக்கு ஜெர்மன் மொழியில் ‘மாங்கோல்ட்’ என்று பெயர். யார் கொண்டுவந்த விதை என்பதைப் பெயரே சொல்லிவிடுகிறது.

அடுத்த திருப்பம் ராணுவத்தால் வந்தது. பல்லாயிரம் வீரர்களுக்குப் பனிமலையில் சோறு போட வேண்டிய கட்டாயத்தில், சீனப் போர் நடந்த 1962-இல் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பு லேயில் ஓர் ஆய்வுக்கூடத்தைத் தொடங்கியது. இன்று உயர்மலைப் பகுதி ஆராய்ச்சிக்கான பாதுகாப்பு நிறுவனம் என்ற பெயரில் இயங்கும் அது, குளிரைத் தாங்கும் காய்கறி ரகங்களையும், நிலத்தைத் தோண்டி மேலே பாலிதீன் போர்த்தும் பள்ளப் பாத்தி முறையையும் கிராமங்களுக்குக் கொண்டுசென்றது. செலவு குறைந்த முறை இது. பள்ளத்தின் மண்ணே போர்வை.

வீட்டுப் பசுங்குடிலை இன்றைய வடிவத்துக்குக் கொண்டுவந்ததில் தொண்டு நிறுவனங்களுக்குப் பெரும் பங்குண்டு. லடாக் சூழலியல் வளர்ச்சிக் குழு 1980-களிலேயே சூரிய வெப்பத்தை வீட்டுக்குப் பயன்படுத்தும் முயற்சியில் இறங்கியது. பின்னர் ‘ஜெரெஸ்’ என்ற பிரெஞ்சு அமைப்பு உள்ளூர் நிறுவனங்களுடன் சேர்ந்து நூற்றுக்கணக்கான குடில்களைக் கட்ட உதவியது. இதற்காக 2009-இல் பிரிட்டனின் ஆஷ்டன் விருதும் அதற்குக் கிடைத்தது. பாலிதீன் தாள் போன்றவற்றைத் திட்டம் தரும். மண் கல்லும் உழைப்பும் வீட்டாருடையது. இதுதான் ஏற்பாடு.

குடிலின் ரகசியம் எளிமையானது. லடாக்கில் குளிர் அதிகம்; ஆனால் வெயிலுக்குக் குறைவில்லை. ஆண்டில் 300 நாட்களுக்கு மேல் வானம் தெளிவாக இருக்கும். டிசம்பர் நண்பகலில் சூரியன் தெற்கு வானில் 33 டிகிரி உயரத்துக்கு மேல் எழுவதில்லை. அதனால் குடிலைக் கிழக்கு மேற்காக நீட்டி, தெற்குப் பக்கம் முழுவதையும் சாய்வான பாலிதீன் தாளுக்கு விட்டுவிடுகிறார்கள். மற்ற மூன்று பக்கமும் தடித்த மண் சுவர். அது இரட்டைச் சுவராக இருந்து, நடுவில் வைக்கோல் திணித்திருந்தால் இன்னும் நல்லது. வடக்குச் சுவரின் உட்புறம் கறுப்பு வண்ணம் பூசப்படுகிறது. பகலெல்லாம் வெப்பத்தை வாங்கி இரவில் மெல்லத் திருப்பித் தருவது அதுதான். மேற்குச் சுவருக்கு வெள்ளை. காலை வெயில் முதலில் விழுவது அதன் மீது. அந்த வெளிச்சத்தை அது செடிகள் பக்கம் திருப்பிவிடும். விறகும் இல்லை, மின்சாரமும் இல்லை.

உள்ளே நண்பகலில் சட்டையைக் கழற்றும் அளவுக்குச் சூடேறும். அப்போது காற்றுத் துளையைத் திறக்காவிட்டால் ஈரம் தேங்கிப் பூஞ்சை பிடிக்கும். சாயங்காலம் சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கும் முன்பே துளையை அடைத்துத் திரையை இழுத்துவிட வேண்டும். ஒரு நாள் மறந்தால் ஒரு மாத வளர்ச்சி போய்விடும். தண்ணீரும் காலை வெயில் ஏறிய பிறகே. மாலையில் ஊற்றினால் இரவில் அது செடிக்கே எதிரி. வாய்க்கால் உறைந்துபோவதால் ஊற்றிலிருந்து டின்களில் சுமந்துதான் வர வேண்டும். சுமப்பது பெரும்பாலும் பெண்கள்.

ஆனால் புதிதாகக் குடில் கட்டுபவர்கள் ஏமாறுவது சுவரில் அல்ல, நாட்காட்டியில்தான். டிசம்பரில் விதைத்து ஜனவரியில் பறிக்கலாம் என்று நினைப்பார்கள். விதை முளைக்கவே தயங்கும். டிசம்பரில் பகல் பத்து மணி நேரத்துக்குச் சுருங்கிவிடுகிறது. அந்தக் குளிரிலும் மங்கிய ஒளியிலும் செடி அநேகமாக வளர்வதே இல்லை. உயிரோடு காத்திருக்கிறது, அவ்வளவுதான். ஆகவே செடி வளர வேண்டியது இலையுதிர் காலத்தில். நம் ஊரில் ஆடிப்பட்டம் என்றால் அங்கே செப்டம்பர்ப் பட்டம். வயலில் பார்லி அறுவடை முடியும் தறுவாயில் குடிலில் பாலக், கொத்துமல்லி, வெந்தயக் கீரை விதைகள் விழ வேண்டும். அக்டோபர், நவம்பரில் அவை வேர் பிடித்து இலை விட்டுவிட்டால், டிசம்பர் முதல் பிப்ரவரி வரை கிள்ளிக் கிள்ளிப் பறிக்கலாம். லேசான உறைபனியைப் பாலக் தாங்கும். குளிரில் இலைக்குள் சர்க்கரை சேர்கிறது. அதுவே அதன் கவசம். குளிர்காலத்துப் பாலக் தித்திப்பதும் அதனால்தான்.

பிப்ரவரி கடைசியில் ஒளி கூடியதும் செடிகள் மீண்டும் துளிர்க்கின்றன. அப்போது குடிலின் ஒரு மூலை நாற்றங்காலாகிவிடும். முட்டைக்கோஸ், காலிஃப்ளவர், தக்காளி நாற்றுகள் அங்கே தயாராகின்றன. வெயில் ஏற ஏற அசுவினிப் பூச்சியும் வந்து சேரும். கோடையில் அதே குடிலில் வெளியே காய்க்கத் தயங்கும் தக்காளி, குடமிளகாய், வெள்ளரி. ஆண்டு முழுவதும் ஓய்வில்லாத பாத்தி.

இத்தனை உழைப்பு இனியும் தேவையா என்ற கேள்வி இப்போது எழுந்திருக்கிறது. ஜோஜி லா முன்போல மூடிக் கிடப்பதில்லை. 2023-இல் 68 நாட்களுக்குப் பிறகு திறக்கப்பட்ட சாலை, 2025-இல் 32 நாட்களிலேயே திறக்கப்பட்டது. கணவாய்க்கு அடியில் சுரங்கப் பாதை வேலையும் நடந்துவருகிறது. லாரி வந்துவிட்டால் கீரை எதற்கு? குடில் கீரையைக் குளிர்காலச் சந்தையில் விற்று நான்கு காசு பார்த்த குடும்பங்களுக்கு இது உண்மையான கவலை. சுற்றுலாத் தொழிலுக்குப் போய்விட்ட இளைஞர்களுக்குக் குடிலில் குனிந்து நிற்க நேரமும் இல்லை.

வேறு சிக்கல்களும் உண்டு. புற ஊதாக் கதிரைத் தாங்கும் நல்ல பாலிதீன் தாளே சில ஆண்டுகளில் நைந்துவிடும். சாதாரணத் தாளோ ஓரிரு ஆண்டுகளில் கிழிந்து காற்றில் பறக்கும். கிழிந்த தாளை மாற்றக் கையில் பணம் இல்லாத வீட்டில் குடில் ஆட்டுப் பட்டியாகிவிடுகிறது. மழையே அறியாத ஊருக்கென்று எழுப்பிய மண் சுவர்கள் பெருமழையைத் தாங்காது. 2010 ஆகஸ்டில் லேயைத் தாக்கிய மேகவெடிப்பில் வீடுகளே கரைந்து போனதை யாரும் மறக்கவில்லை.

ஆனால் கணக்கின் மறுபக்கமும் இருக்கிறது. பல நூறு கிலோமீட்டர் கடந்து வரும் லாரியில் கிழங்கும் வெங்காயமும் தாக்குப்பிடிக்கும், கீரை தாக்குப்பிடிக்காது. சாலை 32 நாட்கள் மூடினாலும் அந்த 32 நாட்களும் வீட்டில் அடுப்பெரிய வேண்டும். லே சந்தைக்கு வந்த லாரி அங்கிருந்து இன்னும் பனி மூடிய ஒரு பள்ளத்தாக்கின் கடைசி வீடு வரை போவதும் இல்லை. அந்த வீட்டில் கர்ப்பிணிக்கும் குழந்தைக்கும் பச்சை இலை கிடைக்குமா என்பதை இன்றும் முடிவு செய்வது, செப்டம்பரில் யாராவது விதைத்தார்களா என்பதுதான்.

வெயில் மலை முகட்டைத் தொடுகிறது. துளை அடைக்கப்படுகிறது, திரை இறங்குகிறது. கறுப்புச் சுவர் பகலில் வாங்கிய கடனை இரவில் திருப்பத் தொடங்குகிறது.