வீட்டில் பெரிய மீன்தொட்டி அமைத்தல்

பள்ளிவாசல் ஹவுள்களில் சிறு மீன்களை விட்டு வைத்தல் முஸ்லிம் ஊர்களில் பழைய வழக்கமாகும். அம்மீன்கள் நுளம்புக் குடம்பிகளைத் தின்று நீரைக் காத்தன; பிள்ளைகளுக்குக் காட்சியாகவும் அமைந்தன. இன்று கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை முதலிய ஊர்களில் வீட்டு மண்டபத்திலேயே பெரிய கண்ணாடித் தொட்டி வைத்து அலங்கார மீன் வளர்க்க விரும்புவோர் உளர்.

எனினும் முதன்முறை தொட்டி அமைப்போரிற் பலர் ஒரே வகையான நட்டத்தை அடைகின்றனர். காலையில் தொட்டி வருகின்றது. பகலில் நீர் நிரப்பப்படுகின்றது. மாலையில் மீன் விடப்படுகின்றது. ஒரு கிழமைக்குள் மீன்கள் ஒவ்வொன்றாய் மேலே வந்து வாய் திறந்து மாள்கின்றன. விற்றவரின் மீன் பழுது என்று எண்ணி மறுபடியும் வாங்கி விடுவர், அவையும் மாளும். பெரும்பாலும் குறை மீனில் இல்லை. பக்குவப்படாத நீரில் உள்ளது. உழுது, மட்டப்படுத்தி, நீர் கட்டிப் பண்படுத்தாத வயலில் நெல் விதைப்பார் இல்லை. மீன்தொட்டிக்கும் அத்தகைய பண்படுத்தல் உண்டு.

தொட்டியின் அளவும் பாரமும்

தொடக்கக்காரருக்குச் சிறிய தொட்டியிலும் பெரிய தொட்டியே எளிது. நீர் மிகுதியாக இருப்பின் அதன் வெப்பமும் தன்மையும் மெதுவாகவே மாறும். தவறு நேரின் திருத்த அவகாசம் கிடைக்கும். நான்கு அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் உள்ள தொட்டி பொருத்தமானது. மேல்விளிம்பில் இரண்டு அங்குலம் விட்டு நிரப்பினால், மணலின் இடம் போக ஏறத்தாழ 210 லீற்றர் நீர் கொள்ளும்.

ஒரு லீற்றர் நீர் ஒரு கிலோகிராம் நிறையுடையது. நீர், கண்ணாடி, மணல் மூன்றும் சேர்ந்து 300 கிலோகிராமைத் தாண்டும். அதாவது 50 கிலோகிராம் உரமூடைகள் ஆறுக்கு மேற்பட்ட பாரமாகும். சாதாரண மேசை இதனைத் தாங்காது. சீமெந்துக் கல் அடுக்கியோ கனமான மரச் சட்டத்தாலோ தாங்கி அமைத்து, நீர்மட்டக் கருவியால் மட்டம் பார்த்தல் வேண்டும். தாங்கிக்கும் அடிக்கண்ணாடிக்கும் இடையே ஒரு ரிஜிபோம் தகடு இட்டால், சிறு மேடுபள்ளங்களால் கண்ணாடி வெடிப்பது தடைப்படும். வெயில் நேராகப் படும் யன்னலோரம் தகாது. அங்கே நீர் சூடேறுவதோடு பாசியும் மிகும்.

கண்ணாடியின் தடிப்பைத் தீர்மானிப்பதில் நீரின் ஆழமே முதன்மையானது. குளக்கட்டின் அடியைக் குளத்தின் பரப்பைப் பார்த்தன்று, நீரின் ஆழத்தைப் பார்த்தே அகலமாக்குவர். இங்கும் நியாயம் அதுவே. மேற்கூறிய அளவுக்கு 10 மில்லிமீற்றர் கண்ணாடியும், மேல்விளிம்பில் ஒட்டிய இணைப்புப் பட்டிகளும் வேண்டும். ஒட்டுவதற்குச் சிலிக்கன் பசையே உகந்தது. ஆனால் குளியலறைக்கென்று பங்கசுநாசினி சேர்த்து விற்கப்படும் பசை மீனுக்கு நஞ்சாகும். ஒட்டிய தொட்டியை ஒரு கிழமை உலரவிட்டு, முற்றத்தில் மட்டமான தாங்கியின்மேல் வைத்து நீர் நிரப்பி, ஒரு நாள் முழுதும் கசிவு பார்த்த பின்னரே வீட்டினுள் வைத்தல் வேண்டும்.

மணலும் நீரும்

கடற்கரை மணல் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தாலும் அதனைத் தொட்டியில் இடலாகாது. அதிலுள்ள உப்பும், சிப்பி, சங்குத் துண்டுகளின் சுண்ணாம்பும் நீரில் கரையும். சுண்ணாம்பு நீரைக் காரமாக்கும். காரநீரில் அமோனியாவின் நஞ்சு மிகும். ஆற்று மணலைக் கலங்கல் தெளியும்வரை பலமுறை கழுவி, இரண்டு அங்குல உயரத்துக்குப் பரப்புக.

குழாய்நீரில் கிருமிகளைக் கொல்லக் குளோரீன் சேர்க்கப்படுகின்றது. அது மீனின் பூக்களையும் புண்ணாக்கும். அந்நீரை அகன்ற பாத்திரத்தில் ஒன்றிரண்டு நாள் திறந்து வைத்தால் குளோரீன் நீங்கும். நுளம்பு புகாதபடி வலையால் மூடி வைத்தல் வேண்டும். கிணற்றுநீரில் வேறு குறைகள் இருக்கலாம். 2004 திசம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலை புகுந்து கரையோரக் கிணறுகள் பலவற்றை உவராக்கியதை இப்பகுதியார் அறிவர். அதனை விடுத்தாலும், கடலுக்கு அண்மையான கிணறுகளில் வரட்சிக் காலத்தில் உவர் ஏறக்கூடும். நாவுக்கு உவர்க்கும் நீர் பெரும்பாலான நன்னீர் மீனுக்கு ஆகாது. மணற்றரையில் இட்ட உரம் விரைவில் கீழிறங்குமாதலால், மரக்கறிப் பாத்திக்கு அருகிலுள்ள கிணற்றுநீரைச் சோதித்த பின்னரே பயன்படுத்துதல் நன்று.

நீரைப் பக்குவப்படுத்தல்

மரக்கறிப் பாத்தியில் இட்ட யூரியா முதலில் அமோனியாவாகின்றது. மண்ணிலுள்ள ஒருவகைப் பற்றீரியா அதனை நைத்திரைற்றாக்கும். வேறொரு வகை அதனை நைத்திரேற்றாக்கும். பயிர் அதனை உறிஞ்சும். மீன்தொட்டியிலும் இதே தொழில் நடைபெறுகின்றது. மீன் தன் பூக்கள் வழியே அமோனியாவை வெளிவிடும். எஞ்சிய தீனும் அழுகி அமோனியாவாகும். அமோனியா பூக்களை எரிக்கும். நைத்திரைற்று இரத்தம் ஒட்சிசனைச் சுமப்பதைத் தடுக்கும். நைத்திரேற்றோ அவ்விரண்டைப்போல் கொடியதன்று.

புதிய தொட்டியில் இப்பற்றீரியாக்கள் போதிய அளவில் இல்லை. அவை வடிகட்டியின் பஞ்சிலும் மணலிலும் ஒட்டிப் பெருக நான்கு முதல் ஆறு கிழமைகள் வேண்டும். புதுத் தொட்டியில் மீன் மாள்வதன் காரணம் பெரும்பாலும் இதுவே.

ஆதலால் மீன் விடாமலே தொட்டியை இயக்குதல் வேண்டும். வடிகட்டியையும் காற்றுப் பம்பியையும் இரவுபகலாக ஓடவிட்டு, நாள்தோறும் ஒரு சிட்டிகை மீன்தீன் இடுக. அது அழுகி உண்டாகும் அமோனியா பற்றீரியாவுக்கு உணவாகும். நோயற்ற பழைய தொட்டியொன்றின் வடிகட்டிப் பஞ்சில் ஒரு துண்டு கிடைத்தால், அதனைச் சேர்ப்பது தயிருக்கு உறை இடுவது போலாகும்; காலம் குறையும். மீன் கடைகளில் விற்கும் சோதனைத் துளிமருந்தால் கிழமைக்கு இருமுறை நீரைப் பார்த்து வருக. முதலில் அமோனியா உயரும். பின்னர் நைத்திரைற்று உயரும். இறுதியில் இரண்டும் காணப்படாது, நைத்திரேற்று மட்டும் தோன்றும். அந்நாளே நீர் பக்குவமான நாள். இக்காலம் முழுவதும் தொட்டியை நுண்வலையால் மூடி வைக்காவிடின், மீனில்லாத நீரில் டெங்கு நுளம்பு பெருகும்.

நீர்த்தாவரங்களும் உதவுவன. 1850 ஆம் ஆண்டில் இலண்டன் இரசாயன அறிஞர் றொபட் வாரிங்டன் கண்ணாடிப் பாத்திரமொன்றில் இரு தங்கமீன்களையும் நீர்த்தாவரத்தையும் வைத்து வளர்த்த முறையை வெளியிட்டார். பழுத்த இலைகள் அழுகி நீர் கெட்டபோது, அவற்றைத் தின்னும் நத்தைகளைச் சேர்த்து நீரைத் தெளியவைத்தார். அழுகலை உடனுக்குடன் நீக்கவேண்டும் என்னும் பாடம் இன்றும் பொருந்துவதாகும். எனினும் வயல் வாய்க்காலிலிருந்து பூண்டுகளைப் பிடுங்கி இடலாகாது. களைநாசினியும் நோய்க்கிருமியும் அவற்றோடு வரக்கூடும்.

மீன் விடுதல்

நீர் பக்குவமானதும் அதில் பாதியை மாற்றி, முதலில் ஐந்தாறு சிறு மீன்களை மட்டும் விடுக. கப்பி, மொலி, பிளாட்டி ஆகியன சற்றே கடினமான கிணற்றுநீரையும் தாங்குவன. மீன் வந்த பையைத் திறவாமல் கால் மணி நேரம் தொட்டி நீரில் மிதக்கவிட்டு, பின் தொட்டி நீரைச் சிறிது சிறிதாகப் பையினுள் சேர்த்து, மீனை மட்டும் வலையால் எடுத்து விடுதல் வேண்டும். இரண்டு கிழமைக்கு ஒருமுறை சில மீன்களாகக் கூட்டி, இத்தொட்டிக்கு 25 சிறு மீன்களோடு நிறுத்துக. இவ்வினங்கள் விரைந்து குட்டியீனும். ஆண்மீன்களை மட்டும் வாங்கினால் தொகை கட்டில் நிற்கும்.

பராமரிப்பு

இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கக்கூடிய அளவு தீனை நாளுக்கு ஒருமுறையோ இருமுறையோ இட்டாற் போதும். கிழமைதோறும் நீரில் நாலில் ஒரு பங்கை அகற்றி, குளோரீன் நீங்கிய நீரை நிரப்புக. வடிகட்டிப் பஞ்சை அகற்றிய தொட்டி நீரிலேயே அலசுதல் வேண்டும். குழாய்நீரில் கழுவினால் வளர்த்த பற்றீரியா மாளும்.

கச்சான் வீசும் மாதங்களில் கவனம் கூடுதலாக வேண்டும். 20 பாகை செல்சியசில் ஒரு லீற்றர் நன்னீர் ஏறத்தாழ 9 மில்லிகிராம் ஒட்சிசனைக் கொள்ளும். 30 பாகையில் ஏறத்தாழ 7.5 மில்லிகிராமையே கொள்ளும். மின்சாரம் தடைப்படின், குவளையால் நீரை மொண்டு மேலிருந்து ஊற்றிக் காற்றுச் சேர்க்கலாம்.

கமக்காரர் வீட்டில் மற்றுமோர் ஆபத்து உண்டு. பூச்சிநாசினி கலக்கிய வாளி எத்தனை முறை கழுவப்பட்டிருந்தாலும் தொட்டிக்கு உதவாது. மருந்தடித்து வந்தவர் குளித்து உடை மாற்றாமல் தொட்டியில் கை வைத்தலும் தகாது. நுளம்புக்கு விசிறும் மருந்துகளில் பல மீனுக்குக் கொடிய நஞ்சு. அறையிலுள்ள காற்றைப் பம்பி இழுத்து நீரினுள் செலுத்துமாதலால் அவ்வறையில் அவற்றை விசிறலாகாது.

அகற்றிய நீரும் மிஞ்சிய மீனும்

கிழமைதோறும் அகற்றும் 50 லீற்றர் நீரை வீணாக்க வேண்டியதில்லை. கத்தரி, மிளகாய், கீரைப் பாத்திகளுக்கு அது நன்று. அதிலுள்ள நைத்திரேற்று பயிருக்கு உணவாகும். உரத்துக்கு ஈடாக அது போதாது. மீனின் நோய்க்கு உப்போ மருந்தோ இட்ட நீரைப் பாத்திக்கு ஊற்றலாகாது.

மீன் மிஞ்சினாலும், வளர்ப்பதில் அலுப்பு ஏற்பட்டாலும், அவற்றை வாய்க்காலிலோ வடிச்சலிலோ குளத்திலோ விடவே கூடாது. தொட்டியைத் துப்புரவாக்கும் மீன் என்று விற்கப்படும் உறிஞ்சுவாய்க் கெளிறு, இவ்வாறு விடப்பட்டு இலங்கையின் நீர்நிலைகள் சிலவற்றிற் பெருகி, மீனவர் வலைகளைச் சேதப்படுத்தி வருகின்றது. சேனாநாயக்க சமுத்திரத்து நீர் கல்லோயா இடதுகரை வாய்க்கால்களால் இப்பகுதி வயல்களுக்கு வருகின்றது. வாய்க்காலும் வடிச்சலும் ஒன்றோடொன்று தொடர்புடையன. ஒரு வீட்டார் கொட்டும் ஒரு வாளி மீன் ஊருக்கெல்லாம் சுமையாகலாம். மிஞ்சியவற்றை வேறு வளர்ப்போருக்கோ கடைக்காரருக்கோ கொடுத்தல் வேண்டும்.

மீன்வளர்ப்பு பற்றிய மேலதிக ஆலோசனைகளைத் தேசிய நீர்வாழ் உயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகாரசபையின் உத்தியோகத்தரிடம் பெறலாம். அதன் நிலையமொன்று அம்பாறை மாவட்டத்து இங்கினியாகலையில் உள்ளது. தொட்டி வாங்குமுன் கேட்டறிவது, மீன் மாண்ட பின் கேட்பதிலும் பயனுடையதாகும்.