வீட்டு ஷெட்டுக்கு ஒரு கார் லிப்ட்: டன் கணக்கும் பூட்டுக் கணக்கும்

போன ஆடியில், ரெட்டியார்சத்திரம் வீட்டு ஷெட்டில், அப்பாவின் அம்பாசடர் ஜாக்கியிலிருந்து வழுக்கி விழுந்தது. பின்சக்கர பிரேக் டிரம் கழற்ற வராமல் நான் அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த நேரம். ஸ்டெப்னியை ஆக்ஸிலுக்கு அடியில் படுக்கப் போட்டிருந்ததால் வண்டி அதன்மேல் உட்கார்ந்தது. என் இடது கை அதிலிருந்து அரை அடி தள்ளி இருந்தது. ஸ்டெப்னியை அடியில் போடும் பழக்கம் அப்பா சொல்லிக்கொடுத்தது. அன்றைக்கு ராத்திரியே லிப்ட் பற்றித் தேட ஆரம்பித்துவிட்டேன்.

அப்பாவின் கட்சி, குழி. “குழி வெட்டி ரெண்டு பக்கமும் கல்லு கட்டுனா முடிஞ்சுச்சு. இதுக்கு எதுக்குடா ஒன்றரை லட்சம்?” நியாயமான கேள்விதான். லாரி ஷெட்களில் காலம் காலமாகக் குழியில் இறங்கித்தான் வேலை நடக்கிறது. ஆனா எங்கள் இன்னொரு வண்டியான ஆம்னி கேஸில் ஓடுவது. எல்பிஜி காற்றைவிடக் கனமானது; பெட்ரோல் ஆவியும் அப்படித்தான். கசிந்தால் மேலே போகாமல் குழியில் இறங்கித் தேங்கும். அதே குழியில் நான் கையில் பல்பு வயரோடு நிற்பேன். ஐப்பசி மழையில் குழியில் என்னென்ன குடியேறும் என்பதைத் தோட்டத்து வீட்டுக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இன்னொன்று, குழியில் இறங்கினாலும் சக்கரம் தரையிலேதான் இருக்கும். பிரேக் வேலைக்கு மறுபடியும் ஜாக்கிதான்.

சரி, லிப்ட் என்றால் எது? வாட்டர் சர்வீஸ் கடைகளில் பார்க்கும் ஒற்றைத் தூண் லிப்டை வீட்டுக்கு விட்டுவிடலாம், தரைக்குள் ஆழமாகப் புதைக்க வேண்டும். நாலு தூண் லிப்டில் வண்டி தன் டயரிலேயே நிற்கும். நிலையானது, ஆனால் சக்கரத்தைக் கழற்ற அதன்மேல் இன்னொரு ஜாக்கி வேண்டும். மிச்சம் இருப்பது இரண்டு தூணும், கத்தரி லிப்டும்.

எல்லாருக்கும் ஆசை இரண்டு தூண் மேலதான். எனக்கும். வண்டி அந்தரத்தில் நிற்கும், நாலு சக்கரமும் தொங்கும், அடியில் நிமிர்ந்து நடக்கலாம். கேட்டலாக்கில் நாலு டன் என்று போட்டிருப்பார்கள். அம்பாசடர் ஒரு டன்னுக்குக் கொஞ்சம்தான் மேலே, அப்புறம் என்ன என்று தோன்றும். நான் ஏமாந்த இடம் அதுதான். அந்த நாலு டன், தூணும் கையும் தாங்கும் அளவு. என் தரை தாங்குமா என்று கேட்டலாக்குக்கு எப்படித் தெரியும்?

ஒரு தோராயக் கணக்கு. வண்டி 1,150 கிலோ என்றால் ஒரு தூணுக்கு 575 கிலோ. லிப்டின் கை நீண்டு வண்டியைப் பிடிக்கிற இடம், தூணின் அடித்தகட்டு உள்விளிம்பிலிருந்து 60 செ.மீ. தள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வண்டியின் எடை தூணை உள்பக்கம் சாய்க்கப் பார்க்கும். வெளிப்பக்க போல்ட்டுகள் தரையைப் பிடித்து இழுத்து அதைத் தடுக்கணும். அவை அந்த விளிம்பிலிருந்து 35 செ.மீ. தூரத்தில் இருந்தால், 575-ஐ 60-ஆல் பெருக்கி 35-ஆல் வகுங்கள்: 985 கிலோ. தூணின் சொந்த எடை இதில் கொஞ்சத்தைக் கழிக்கும். ஆனாலும் ஒரு டன்னுக்குப் பக்கமான பலத்தோடு போல்ட்டுகளைத் தரையிலிருந்து பிடுங்கப் பார்க்கிறது வண்டி. இது அசையாமல் நிற்கும்போது. துருப்பிடித்த நட்டை ஸ்பேனர் போட்டு உலுக்கும்போது இன்னும் ஏறும்.

தூண்களின் உச்சியை இணைக்கும் குறுக்குச்சட்டம் இருந்தால் இந்தச் சாய்வை அது ஓரளவு வாங்கிக்கொள்ளும். அந்த வகைக்குப் பன்னிரண்டு அடி உயரமாவது வேண்டும். என் ஷெட் பத்தேகால் அடி. எனவே சட்டம் இல்லாத வகைதான் முடியும், முழுப் பாரமும் தரைக்கு. தரையில் ஒரு ஓட்டை போட்டுப் பார்த்தேன். இரண்டரை அங்குலக் காங்கிரீட், அதற்குக் கீழே செங்கல் ஜல்லி, பிறகு செம்மண். நான் படித்த அமெரிக்கக் கையேடுகளில் குறைந்தபட்சமே நாலு அங்குலம், அதுவும் நம்ம கணக்கில் கிட்டத்தட்ட எம் 25 தரத்துக்குச் சமமான கலவை. தரையை உடைத்துப் போட்டாலும் கூரை இடிக்கும். அம்பாசடர் உயரம் 1.6 மீட்டர்; 1.8 மீட்டர் தூக்கினால் 3.4. என் கூரை 3.1 மீட்டர். நிமிர்ந்து நடக்கும் ஆசை அங்கேயே போச்சு.

அப்புறம்தான் முதலில் செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். ஷெட்டில் செய்த வேலைகளை ஒரு நோட்டில் எழுதிவைப்பேன் (சாஃப்ட்வேர் ஆளின் வியாதி). இரண்டு வருடக் கணக்கைப் புரட்டினால் பிரேக், வீல் பேரிங், ஆயில், இலை ஸ்பிரிங் புஷ், சைலன்சர். கியர்பாக்ஸ் இறக்கியது ஒரே ஒரு தடவை. நடுப்பகுதி மறைவதுதான் கத்தரி லிப்டின் பெரிய குறை, அதாவது கியர்பாக்ஸ் வேலைக்குத் தொந்தரவு. மற்றதெல்லாம் அதில் உட்கார்ந்தே செய்யலாம். 1.2 மீட்டர் தூக்கும் ரகம் என் கூரைக்குள் அடங்குகிறது. எடை நேராகக் கீழே இறங்குவதால் போல்ட்டைப் பிடுங்கும் பிரச்சினையும் பெரிதாக இல்லை. முடிவு அதுதான். தரையை மட்டும் ஆறு அங்குலத்துக்குப் புதிதாகப் போடுகிறேன்.

எந்த லிப்ட் வாங்கினாலும் வண்டியைத் தூக்குவது எண்ணெய். பிடித்து நிறுத்துவது பூட்டு. ஹோஸ் வெடிக்கும், சீல் கசியும். இரும்புப் பல்லில் இரும்பு நாக்கு உட்கார்ந்துவிட்டால் எண்ணெய் இருந்தாலென்ன, போனாலென்ன? தூக்கியபின் கொஞ்சம் இறக்கி, பூட்டில் உட்காரவைத்துவிட்டுத்தான் அடியில் போகணும். ஹைட்ராலிக் பிரஸ்ஸுக்கு 1795-இல் காப்புரிமை வாங்கிய ஜோசப் பிராமா, அதற்கு முன்னாலேயே பூட்டுக்காக 1784-இல் காப்புரிமை வாங்கியவர். அவருடைய பூட்டை 1851 வரை யாராலும் திறக்க முடியவில்லை. மாங்காய்ப் பூட்டுக்குப் பேர்போன, 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய திண்டுக்கல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இதைப் படித்தபோது எனக்கு ஒரே சந்தோஷம்.

இந்தப் பூட்டுக்கு நம்ம ஊரில் ஒரு சிக்கல் உண்டு. நாக்கை விடுவிக்க, வண்டியை முதலில் ஒரு அங்குலம் மேலே தூக்கணும். அந்த நேரத்தில் கரண்ட் போனால் வண்டி மேலேயே நிற்கும். அதனால் கையால் அடிக்கும் பம்பு உள்ள மாடலா என்று கேளுங்கள். சிலவற்றில் பூட்டைத் திறக்கக் காற்று வேண்டும், அதாவது கம்ப்ரஸர் தனிச்செலவு.

மோட்டார் பற்றியும் ஒரு வார்த்தை. 1,150 கிலோவை 40 நொடியில் 1.2 மீட்டர் தூக்கக் கணக்குப்படி 340 வாட் போதும். ஆனா கத்தரி மடங்கிக் கிடக்கும்போது கோணம் மோசம், முதல் சில அங்குலத்துக்குத்தான் மூச்சு முட்டும். அதனால்தான் இரண்டு குதிரைத்திறன் மோட்டார் வைக்கிறார்கள். சாயங்காலம் வோல்டேஜ் இறங்கும்போது முனகுவதும் அந்த இடத்தில்தான். வீட்டு சிங்கிள் பேஸுக்கு ஏற்ற மோட்டாரா என்று பார்த்து வாங்குங்கள். ஷெட்டிலிருந்து ஐம்பது அடியில் கிணற்று மோட்டாரின் த்ரீ பேஸ் இருக்கிறது, ஆசை வரத்தான் செய்யும். விவசாய இணைப்பை வேறு வேலைக்கு எடுப்பது குற்றம், தொடாதீர்கள்.

லிப்டுக்கு வெளியூரெல்லாம் அலைய வேண்டியதில்லை. 1960-இல் கோயம்புத்தூரில் தொடங்கிய எல்ஜி, ஆரம்பத்திலிருந்தே கம்ப்ரஸரோடு கராஜ் சாமான்களும் செய்த கம்பெனி. யாரிடம் வாங்கினாலும் உதிரி சீல் கிடைக்குமா, பூட்டின் பல் எத்தனை அங்குலத்துக்கு ஒன்று, இந்த இரண்டையும் கேட்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

கடைசியாக வண்டி. அம்பாசடருக்குத் தனி சேஸிஸ் கிடையாது, பாடியேதான் எலும்பும். கத்தரியின் கட்டைகள் கதவுக்குக் கீழே இருக்கும் சில் பகுதியைத்தான் தாங்கும். வயதான வண்டியில் முதலில் துரு தின்னும் இடமும் அதுவே. திருப்புளியால் குத்திப் பார்த்தேன். வலது பக்கம் ஒரு சாண் நீளத்துக்கு உள்ளே போய்விட்டது. லிப்ட் வருவதற்கு முன்னால் அங்கே தகடு வெட்டி வெல்டிங் வைக்கணும். அதற்குப் பிறகும் முதல் தடவை முக்கால் அடி மட்டும் தூக்கி, நிறுத்தி, பம்பரைப் பிடித்து நன்றாக ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் மேலே ஏற்றுவேன். ஸ்டெப்னி அப்போதும் அடியில் கிடக்கும். அப்பாவோடு செய்துகொண்ட ஒப்பந்தம் அது.